மேகத்துக்குப் போன பழக்கூடைகள்

கருங்காலிக் காட்டில் ஈட்டியப்பன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. காட்டின் பொதுக் கிடங்கு அதன் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு கூட்டமும் தன் பங்குக்குக் கொண்டுவரும் நாவல், இலந்தை, பலாச்சுளை எல்லாம் அங்கேதான் சேரும். குட்டி ஈன்றவர்களுக்கும் கால் ஒடிந்தவர்களுக்கும் பல் போன கிழங்களுக்கும் அங்கிருந்துதான் சாப்பாடு போகும். ஈட்டியப்பன் ஒரு பழத்தைக்கூடத் தனக்கென்று எடுத்ததில்லை. மற்றவர்கள் எடுத்துவிடுவார்களோ என்ற சந்தேகம் மட்டும் அதற்கு எப்போதும் உண்டு.

காட்டு நிர்வாகத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. ஏழு நீர்த்துறைகளிலும் ஏழு திரைகள் நட்டிருந்தார்கள். மூக்கால் தொட்டால் திரையில் தளம் திறக்கும். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, எந்தப் பக்கம் தீ பிடித்திருக்கிறது, எங்கே வேட்டைக்காரர்கள் கண்ணி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். தளத்தைத் தாங்கும் எந்திரங்கள் நரிமலைக் குகையில் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் சாமரன் என்ற மரநாயிடம் இருந்தது. அதற்காகக் கிடங்கிலிருந்து மாதம் தொண்ணூறு கூடைப் பழம் மலையேறிப் போனது.

அந்த வருடம் கோடை கடுமையாக இருந்தது. மரங்கள் சரியாகக் காய்க்கவில்லை. கிடங்கு பாதிக்கு இறங்கிவிட்டது. சினையாக இருந்த இரண்டு கடமான்களுக்கு ஈட்டியப்பன் அரைப் பங்குதான் கொடுக்க முடிந்தது. அவை முகம் வாடித் திரும்பிய சிறிது நேரத்திலேயே சாமரன் வந்து வழக்கமான தொண்ணூறு கூடையைக் கேட்டது.

ஈட்டியப்பன் கூடைகளை எடுத்து வைத்தது. ஆனால் கையை எடுக்கவில்லை.

"இவ்வளவு பழமும் எங்கே போகிறது?" என்று கேட்டது.

"தளத்தை மேகத்தில் வைத்திருக்கிறோம். மேகத்துக்கு வாடகை தர வேண்டாமா?" என்றது சாமரன்.

ஈட்டியப்பன் அண்ணாந்து பார்த்தது. சித்திரை வெயிலில் கண் கூசியது. வானத்தில் பஞ்சுத் துணுக்கு அளவுக்குக்கூட மேகம் இல்லை.

"எந்த மேகம்?"

சாமரன் சிரித்துவிட்டது. "அது வேறு மேகம், கிடங்குக்காரரே. இதெல்லாம் தொழில்நுட்ப விஷயம். சொன்னாலும் உங்களுக்குப் புரியாது."

சாமரன் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அது சொல்லவில்லை. கூடைகளைத் தன் ஆட்களின் முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. "உங்களுக்குப் புரியாது" என்ற பேச்சு மட்டும் ஈட்டியப்பனின் காதுக்குள் கிடந்து குடைந்தது. புரியும்படி சொல்ல ஒருவன் மறுக்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று அது முடிவு கட்டியது.

அடுத்த வாரம் வேங்கை மரத்தடியில் காட்டுச் சபை கூடியது. தலைமையில் யானை மாதங்கி. இருபத்திரண்டு வருடமாக அதுதான் தலைவி. ஈட்டியப்பன் எழுந்து, தளத்துக்கு ஆகும் செலவை விளக்க வேண்டும் என்று கேட்டது. சாமரன் தயங்காமல் முன்னால் வந்தது. சேமிப்பகம் என்றது, அலைவரிசை என்றது, பாதுகாப்புச் சான்று என்றது, ஆண்டுப் புதுப்பிப்பு என்றது. கடமான் தலையாட்டியது. கரடி தலையாட்டியது. மாதங்கிக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. ஆனால் இத்தனை பேர் தலையாட்டும்போது தலைவி மட்டும் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அது காதை ஒரு முறை வீசிக்கொண்டு, சரி, கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டது. உண்மையில் அந்தச் சபையில் யாருக்குமே புரியவில்லை. எல்லோரும் அடுத்தவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஈட்டியப்பன் விடவில்லை. கிடங்குக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பேச ஆரம்பித்தது. குகையில் எந்திரமே இல்லையாமே என்றது. யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டது. யாரும் பார்த்ததில்லை. ஈட்டியப்பனும் பார்த்ததில்லை. நரிமலை ஒன்றும் ஏற முடியாத மலை இல்லை, காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் சந்தேகத்தைப் பேசித் திரிவதில் அதற்கு நாள் போதவில்லை.

பேச்சு கை மாறும்போது பெருத்தது. குரங்குகள், சாமரனின் வயிறு போன வருடத்தைவிடப் பெரிதாகிவிட்டது என்றன. கரடி, குகையின் பின்பக்கம் வழியாகப் பழம் வேறு காட்டுக்குப் போகிறது என்றது. கோரை என்ற காட்டுப்பன்றிதான் எல்லோரையும்விட உரக்கப் பேசியது. அது ஆறு குட்டி போட்டிருந்தது. பால் சுரக்கவே அதற்குத் தீனி போதவில்லை. "என் குட்டிகள் காய்ந்து கிடக்கும்போது மேகத்துக்கு ஏன் பழம்? நிறுத்துங்கள் அதை," என்று மாதங்கியின் முகத்துக்கு நேராகவே கேட்டது.

மாதங்கிக்கு இந்த முணுமுணுப்பு தாங்கவில்லை. தன்னையும் சேர்த்தே சந்தேகப்படுகிறார்களோ என்று அதற்கு ஒரு பயம். சாமரனைச் சபைக்குக் கூப்பிட்டு, இந்த மாதத்திலிருந்து ஒரு கூடையும் கிடையாது என்றது.

"அப்படியானால் தளம் மூடிவிடும்," என்றது சாமரன்.

"மூடினால் மூடட்டும்," என்று ஈட்டியப்பன் குறுக்கே சொன்னது.

சாமரன் ஏதோ சொல்ல வாயெடுத்தது. பிறகு என்ன நினைத்ததோ, உதட்டைக் கடித்துக்கொண்டு மலையேறிப் போய்விட்டது. அன்று மாலைக்குள் ஏழு திரைகளும் கறுத்துவிட்டன.

முதல் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. கிடங்கில் கூடைகள் அடுக்கடுக்காக ஏறின. கடமான்களுக்கு முழுப் பங்கு கிடைத்தது. கோரைக்கு இரண்டு கூடை அதிகமாகவே கிடைத்தது. ஈட்டியப்பன் கிடங்கு வாசலில் முள்ளை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, நான் சொன்னேனா இல்லையா என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் கேட்டது. எல்லோரும் அதைப் புகழ்ந்தார்கள்.

ஒருத்தி மட்டும் புகழவில்லை. பூளை என்ற சருகுமான். ஆற்று வளைவில் இருந்த மூங்கில் புதரில் அது குடியிருந்தது. தாழ்வான இடம்தான். ஆனால் சிறுத்தை அங்கே அவ்வளவாக வராது. முயல் அளவே இருக்கும் சருகுமானுக்கு அந்தப் பாதுகாப்பு பெரிது. ஈன்று இருபது நாளான ஒரு குட்டி அதனிடம் இருந்தது. தினமும் காலையில் துறைக்குப் போய்த் திரையைத் தொட்டு, ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் குட்டியை மணல்திட்டில் மேயவிடும். திரை கறுத்த பிறகு அதற்குக் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது.

அது கிடங்குக்கு வந்தது.

"அண்ணா, ஆற்றுப் பக்கத்தை மட்டுமாவது திறக்கச் சொல்லுங்கள். மலைக்கு மேலே மழை பெய்தால் எங்களுக்குக் கீழே தெரியாது," என்றது.

ஈட்டியப்பன் அதை ஏற இறங்கப் பார்த்தது. இவ்வளவு நாள் வாயைத் திறக்காதவள் இன்று ஏன் வருகிறாள்?

"சாமரன் உனக்கு எத்தனை கூடை கொடுத்தான்?"

பூளை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. பார்த்தீர்களா, பதிலில்லை என்று ஈட்டியப்பன் பக்கத்திலிருந்த குரங்கிடம் சொன்னது.

பத்து நாள் கழிந்தது. அன்று கருங்காலிக் காட்டில் பளீரென்று வெயில். ஒரு துளி மழை இல்லை. ஆனால் ஆறு பிறக்கும் மேற்கு மலையில் விடியற்காலையிலிருந்தே கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. அங்கே மேல்துறையில் நீர்மட்டம் பார்க்க இருந்த நீர்நாய்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தன. தண்ணீர் ஒரு முழம், இரண்டு முழம், நாலு முழம் என்று ஏற ஏறக் குகைக்குச் செய்தி அனுப்பின. அதை வாங்கித் திரைக்கு அனுப்பக் குகையில் எந்த எந்திரமும் ஓடவில்லை.

உச்சி வெயில் நேரத்தில் ஆறு வந்தது. முதலில் ஒரு சத்தம். பிறகு மண்ணும் மரமுமாகச் சிவந்த தண்ணீர். கோரை ஆற்றோரச் சேற்றில் குட்டிகளோடு புரண்டுகொண்டிருந்தது. அது எழுந்து கத்துவதற்குள் தண்ணீர் அதன் கழுத்துக்கு வந்துவிட்டது. பூளையின் குட்டி மணல்திட்டில் நின்றது. திட்டு நாலு பக்கமும் சுருங்கி, பிறகு இல்லாமலே போனது.

மாதங்கி ஓடிவந்து ஆற்றில் இறங்கியது. துதிக்கைக்கு அகப்பட்டதையெல்லாம் தூக்கிக் கரையில் போட்டது. கோரையின் குட்டிகளில் நான்கு அகப்பட்டன. பூளையின் குட்டி ஒரு மூங்கில் தூரில் சிக்கிக் கிடந்தது. உயிர் இருந்தது. ஆனால் பின்னங்கால் ஒன்று முறிந்திருந்தது. கோரையின் மற்ற இரண்டு குட்டிகள் கிடைக்கவில்லை. கோரை இரண்டு நாள் கரையோரமாகவே கீழ்நோக்கி நடந்து தேடியது. மூன்றாம் நாள் தனியாகத் திரும்பி வந்தது.

சபை மறுபடி கூடியது. அங்கேயும் சந்தேகம்தான் முதலில் பேசியது. சாமரன் பழிவாங்குவதற்காகவே இப்படிச் செய்துவிட்டான் என்றது கரடி. ஆற்றையே அவன்தான் திறந்துவிட்டிருப்பான் என்றது ஒரு குரங்கு. ஈட்டியப்பன் வாயைத் திறப்பதற்குள் பூளை நடுவில் வந்து நின்றது.

"எல்லோரும் குகையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் இப்போது அங்கே போகிறேன். யார் வருகிறீர்கள்?"

கரடியும் குரங்குகளும் நகர்ந்து பின்னால் நின்றன. கடைசியில் மாதங்கி கிளம்பியது. வேறு வழியில்லாமல் ஈட்டியப்பனும் பின்னால் நடந்தது.

மதியத்துக்குள் குகைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஈட்டியப்பன் வெறும் குகையைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் உள்ளே வரிசையாக எந்திரங்கள் நின்றன. சாமரன் மேகம் என்று சொன்னது இவற்றைத்தான். அவற்றுக்கு மேலே வௌவால்கள் தொங்கின. எந்திரங்கள் ஓடும்போது சூடாகிவிடும், சிறகை வீசி வீசி அவற்றைக் குளிர வைப்பதுதான் எங்கள் வேலை என்று ஒரு கிழட்டு வௌவால் சொன்னது. கூலி வராததால் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். பக்கத்து அருவியில் எந்திரங்களுக்கு மின்சாரம் தரும் ஒரு சக்கரம் இருந்தது. அதைப் பழுது பார்க்கவும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கூலி உண்டு. மலையடியில் இருக்கும் கிடங்கிலிருந்து பார்த்தால் இதெதுவும் தெரியாது.

சாமரன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. வந்தவர்களைப் பார்த்து எழுந்தது. எதையும் மறைக்கவில்லை. குகைச் சுவரில் அது நகத்தால் கீறி வைத்திருந்த பட்டியலைக் காட்டியது.

மாதங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தது. குழுக்கள் கேட்டதெல்லாம் ஒரே இணையதளத்தில் சேர்கிறது என்றுதான் அது இத்தனை நாள் நினைத்திருந்தது. பட்டியலில் பத்தொன்பது தளங்கள் இருந்தன. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு வெள்ளம் வந்தபோது தொடங்கிய ஆற்றுத் தளம்தான் முதலாவது. தீக்கும் கண்ணிக்கும் தனித்தனியே இரண்டு. பிறகு ஒவ்வொரு குழுவும் தனக்கொன்று கேட்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் நடந்த மயில் விழாவுக்கு ஒரு தளம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாதங்கி தலைமையேற்று இருபது வருடம் ஆனதைக் கொண்டாடிய தளமும் இருந்தது. அதில் மாலை போட்ட அதன் படம் ஒன்று உண்டு. மாதங்கி அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எத்தனை கூடை, எத்தனை முறை பார்த்தார்கள் என்று இருந்தது. ஆற்றுத் தளத்துக்கு மாதம் ஐந்து கூடை. தினமும் இருநூறு முறை அதைத் திறந்திருந்தார்கள். பட்டியலின் கடைசியில் கிடங்குத் தளம். அதற்கும் மாதம் ஐந்து கூடை. மூன்று வருடத்தில் பதினொரு முறைதான் அதைப் பார்த்திருந்தார்கள்.

"கிடங்குக்கு ஒரு தளம் இருக்கிறதா?" என்று பூளை கேட்டது.

ஈட்டியப்பனின் முள்ளெல்லாம் படிந்துவிட்டது. அதுதான் அந்தத் தளத்தைக் கேட்டு வாங்கியது. மற்ற குழுக்களுக்கெல்லாம் இருக்கிறதே, நமக்கும் இருக்கட்டும் என்று சபையில் எழுந்து கேட்டதை அது மறந்தே போயிருந்தது.

"இருக்கிறது," என்றது மெல்ல. "அந்தப் பதினொன்றில் ஒன்பது நான்தான்."

மாதங்கி சாமரனைப் பார்த்தது. யாரும் பார்க்காத தளங்களுக்கு ஏன் கூடை வாங்கிக்கொண்டே இருந்தாய் என்று கேட்டது. நீங்கள் திறக்கச் சொன்னதைத் திறந்தேன், மூடச் சொல்லி யாரும் வரவில்லை என்றது சாமரன். எந்திரம் ஓடினால் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும், பார்க்க ஆள் இல்லை என்றால் செலவு நின்றுவிடுமா என்றும் கேட்டது.

"அது சரி. நீயாவது வந்து சொல்லியிருக்கலாமே?"

சாமரன் தரையைப் பார்த்தது. "சொன்னால் கூடை குறையும். ஒவ்வொரு தளத்திலும் எனக்கும் ஒரு கூடை உண்டு."

பூளை இன்னும் ஒரு கேள்வி கேட்டது.

"கூடை நின்ற பிறகு, ஆற்றுத் தளத்தை மட்டும் ஓட்டியிருக்க முடியுமா?"

சாமரன் பட்டியலின் முதல் வரியை நகத்தால் தொட்டது.

"முடியும்," என்றது சாமரன். "இரண்டு வௌவால் போதும். அன்று சபையில் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். மூடினால் மூடட்டும் என்று இவர் சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்தினேன்."

"முதலில் அதைத் திற," என்றது மாதங்கி.

அன்று மாலையே ஆற்றுத் தளத்தைத் திறந்தார்கள். தீயும் கண்ணியும் மறுநாள் வந்தன. மீதிப் பதினாறு தளங்களில் இருந்தவற்றில் தேவையான இரண்டொரு செய்தியை எடுத்து ஆற்றுத் தளத்தில் சேர்த்துவிட்டு, அந்தப் பதினாறையும் மூடினார்கள். கூடை இருபதுக்கு இறங்கியது. சாமரனைத் துரத்த வேண்டும் என்று பலர் சொன்னார்கள். ஆனால் எந்திரங்களை ஓட்டத் தெரிந்தவர் காட்டில் வேறு யாரும் இல்லை. மழைக்காலமோ தொடங்கிவிட்டது. அதனால் அது பாதிக் கூலிக்கு நீடித்தது. இரண்டு குரங்குகள் குகையில் தங்கி வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், எந்தத் தளத்துக்கு எத்தனை கூடை என்ற பட்டியல் ஏழு திரைகளிலும் எப்போதும் தெரிய வேண்டும் என்றும் மாதங்கி உத்தரவு போட்டது. சாமரனுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே செய்தது.

புரியாததைப் புரியவில்லை என்று அன்றே சொல்லாதது என் தப்பு என்று மாதங்கி சபையில் எல்லோர் முன்பும் சொன்னது. அதைச் சொல்ல அதற்கு வெகுநேரம் ஆயிற்று.

ஈட்டியப்பன் பூளையின் புதருக்குப் போனது. குட்டியின் காலுக்கு மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அது நொண்டி நொண்டி நடந்தது. இனி எப்போதும் அப்படித்தான் நடக்கும். "நீ கேட்டபோது நான் பேசினது தப்பு, தாயே," என்றது ஈட்டியப்பன். தப்புதான் அண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூளை குட்டிக்குத் தளிர் கிள்ளிக் கொடுத்தது.

கோரையைப் பார்க்கப் போகத்தான் ஈட்டியப்பனுக்குக் கால் வரவில்லை. இரண்டு முறை பாதி வழியில் திரும்பியது. மூன்றாம் முறை போனது. கோரை நான்கு குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துப் படுத்திருந்தது. ஈட்டியப்பன் தள்ளி நின்றது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும்தானே நிறுத்தச் சொன்னேன்," என்றது கோரை. பிறகு முகத்தைக் குட்டிகளின் பக்கம் திருப்பிக்கொண்டது.

அதன் பிறகும் ஈட்டியப்பனின் சந்தேகம் போய்விடவில்லை. மாதம் ஒரு முறை நரிமலை ஏறியது. எந்திரங்களை எண்ணியது, வௌவால்களிடம் கூலி கிடைத்ததா என்று கேட்டது, சுவரில் இருந்த பட்டியலைக் கிடங்குக் கணக்கோடு ஒத்துப் பார்த்தது. இரண்டாம் மாதமே கணக்கில் ஒரு கூடை ஒத்துவரவில்லை. அங்கேயே கேட்டது, சாமரன் அங்கேயே திருத்தியது. கீழே இறங்கிய பிறகு அதைப் பற்றி அது யாரிடமும் பேசவில்லை.

பொதுச் செலவில் சந்தேகம் வந்தால் நேரில் போய்ப் பார்த்துக் கேட்டுத் தெளிய வேண்டும். பார்க்காமல் மொத்தமாக நிறுத்தினால், வீணானதோடு உயிர் காப்பதும் சேர்ந்தே நின்றுபோகும்.